சுவரில் இருக்கும் சைபர்

கடலூர், புதுச்சேரி மருத்துவமனைகளின் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்களுக்கும், நர்சிங் சூப்பரிண்டெண்டன்ட் மேடம்களுக்கும், மாணவிகளைப் போஸ்டிங்குக்கு அழைத்து வரும் டியூட்டர்களுக்கும்,

வணக்கம்.

நான் திருப்பாதிரிப்புலியூரில் குடியிருந்துகொண்டு புதுச்சேரிக்கு டியூட்டிக்குப் போய் வருகிற ஸ்டாஃப் நர்ஸ். ஜிஎன்எம் என்கிற நர்சிங் டிப்ளமா முடித்து இருபது வருடம் ஓடிவிட்டது. உங்களில் சிலருக்கு என்னை நேரில் தெரியும். ஒரே பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறோம். சிலரிடம் நான் திட்டும் வாங்கியிருக்கிறேன், அதற்கெல்லாம் இப்போது கோபம் இல்லை. எழுத உட்கார்ந்தது வேறு ஒரு பெண்ணுக்காக.

போன மார்கழியில் ஒரு நாள். நைட் முடித்து எட்டரை மணி பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் எங்கள் மருத்துவமனையிலேயே இன்டர்ன்ஷிப் பார்க்கிற ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். ஜிஎன்எம் மூன்றாம் வருடம். வேறு மாடி என்பதால் முகம் மட்டும்தான் பழக்கம். ஒரு வார நைட் முடிந்து ஆஃபில் வீட்டுக்குப் போகிறாள், கடலூரில் பஸ் மாறி நெல்லிக்குப்பம் போக வேண்டும். சாதாரணமாக இந்தப் பிள்ளைகள் முதலியார்பேட்டை தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவார்கள். இவள் தூங்கவில்லை. இடது கை ஆள்காட்டி விரலைக் கைக்குட்டையில் சுற்றி, அதை வலது கையால் இறுக்கிப் பிடித்தபடி வந்தாள்.

அரியாங்குப்பம் வந்தபோது, "விரல்ல என்னம்மா?" என்றேன்.

"ஒன்னும் இல்ல சிஸ்டர். கதவுல நசுங்கிடுச்சு."

கதவில் நசுங்கிய விரல் எப்படி வீங்கியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? நான் மேலே எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தவள், தவளக்குப்பம் நெருங்கும்போது தானாகவே சொன்னாள். "அக்கா, ஊசி குத்திடுச்சு." சிஸ்டர் என்று கூப்பிட்டவள் இப்போது அக்கா என்கிறாள்.

"எப்போ?"

"நாலரைக்கு."

"யார்கிட்ட சொன்ன?"

தலையை மட்டும் ஆட்டினாள். யாரிடமும் இல்லை.

தவளக்குப்பத்திலேயே இறங்கிவிட்டோம். கண்டக்டர், "கடலூருக்குத்தானேம்மா டிக்கெட் எடுத்தீங்க?" என்று பின்னாலிருந்து கத்தினார். ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நின்று, புதுச்சேரி போகிற பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறினோம். திரும்பிப் போகிற வழியில் நடந்ததைச் சொன்னாள்.

அந்த வார்டில் 42 கட்டில். நைட்டில் ஒரு ஸ்டாஃப், இரண்டு மாணவிகள். காலை ரவுண்ட்ஸுக்கு முன்னால் ரிப்போர்ட் வர வேண்டுமே, அதனால் நாலு மணிக்கே ரத்தம் எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். பத்தொன்பதாம் கட்டிலில் ஒரு பெரியவர். ரத்தம் எடுத்து, குழாயில் விட்டு, பஞ்சு வைத்து அழுத்திவிட்டாள். கையில் ஊசி. ஊசியை வெட்டிப் போடுகிற ஹப் கட்டர் இருப்பது நர்சிங் ஸ்டேஷனில், அதுவும் மேஜையோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது, போன தடவை காணாமல் போனதால். அங்கே போக வார்டின் பாதி தூரம் நடக்க வேண்டும், நடுவில் தரையில் படுத்திருக்கும், நோயாளிகளோடு துணைக்கு வந்தவர்களைத் தாண்ட வேண்டும். திறந்த ஊசியோடு அவர்களைத் தாண்டுவது தப்பு என்று நினைத்து மூடியைப் போட்டிருக்கிறாள். இரண்டு கையால். மூடியின் ஓரத்தில் வழுக்கி, கிளவுஸைத் துளைத்துக்கொண்டு விரலில் இறங்கிவிட்டது.

இதில் அவள் செய்த தப்பு எது? மூடி போட்டது தப்புதான், முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் யோசித்துப் பாருங்கள், படுத்திருப்பவர்கள் மேல் ஊசி விழுந்துவிடக் கூடாதே என்றுதான் போட்டாள்.

மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது இருபது. கேஷுவால்டி டாக்டர் நல்ல பையன், உடனே எழுதிக் கொடுத்தார். முதல் டோஸ் மாத்திரை ஓர் அலமாரியில் இருக்கிறது. அலமாரிச் சாவி ஒருவரிடம் இருக்கிறது. அவர் அன்றைக்குக் கொஞ்சம் லேட். மாத்திரை அவள் வாய்க்குப் போனது பத்து பத்துக்கு. ஊசி குத்தி ஐந்தே முக்கால் மணி நேரம் ஆகப்போகிறது. எச்ஐவி தடுப்பு மருந்தை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும், 72 மணி நேரம் தாண்டினால் பிரயோஜனம் இல்லை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவள் சொல்லாமல் நெல்லிக்குப்பம் போயிருந்தால் இரண்டு நாள் ஆஃப், அதோடு சேர்த்து ஒரு ஞாயிறு. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் எச்ஐவி டெஸ்ட்டும் ஆலோசனையும் தருகிற ஐசிடிசிக்குப் போனோம். தமிழ்நாட்டுப் பக்கம் நம்பிக்கை மையம் என்று போர்டு இருக்குமே, அதுதான். கவுன்சலர் மேலே வந்து பெரியவரிடம் பக்குவமாகப் பேசி, சம்மதம் வாங்கி, டெஸ்ட் எடுத்தார். எச்ஐவி இல்லை. அவள் முகத்தில் ரத்தம் திரும்பியது அப்போதுதான். ஆனால் கேஸ் ஷீட்டைப் பிரித்தபோது, மூன்று நாளாக அதன் பின்பக்கத்தில் ஒரு ரிப்போர்ட் ஒட்டியே இருந்தது. ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ்.

"தடுப்பூசி மூணும் போட்டிருக்கியா?"

இரண்டுதான். மூன்றாவது டோஸ் போட்ட நாளில் அவள் பேட்ச்சில் பாதிப் பேர் கிராமப்புறப் போஸ்டிங்கில் இருந்திருக்கிறார்கள். அதன் பிறகு யாரும் கூப்பிடவில்லை, இவளும் கேட்கவில்லை.

எச்ஐவி உள்ள ஊசி குத்தினால் தொற்று வருவது சுமார் 300இல் ஒருவருக்கு. ஹெபடைடிஸ் பி அப்படி இல்லை, தடுப்பூசி போடாதவர்களுக்கு நூற்றில் ஆறில் ஆரம்பித்து முப்பது வரைக்கும் போகும். நம் பிள்ளைகள் எச்ஐவி என்றால் அலறுகிறார்கள், ஹெபடைடிஸ் என்றால் 'மஞ்சக்காமாலைதானே, கீழாநெல்லி சாப்பிட்டா போச்சு' என்கிறார்கள். எது நம்மை அதிகம் பிடிக்கும் என்று தலைகீழாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

ஹெபடைடிஸ் பிக்கு உடனடிப் பாதுகாப்பு தருகிற இம்யூனோகுளோபுலின் ஊசி மருந்தை வெளியில் வாங்க வேண்டியிருந்தது. கடையில் சொன்ன விலையைக் கேட்டு அவள் அப்பாவுக்கு போன் செய்யவே பயந்தாள், பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டை உடைக்கிற இடத்தில் கூலி வேலை அவருக்கு. எங்கள் மாடி ஸ்டாஃப் ஆறு பேர் சேர்ந்து பணம் போட்டோம். அதை ஒரு பக்கமும், விட்டுப்போன மூன்றாவது டோஸை இன்னொரு பக்கமுமாகப் போட்டுவிட்டு, மத்தியானம் ஒரு மணிக்குக் கேன்டீனில் தயிர்சாதம் வாங்கிக் கொடுத்தேன். சாப்பிட்டுக்கொண்டே அழுதாள்.

அப்போதுதான் கேட்டேன், ஏன்டி காலையிலேயே சொல்லவில்லை என்று.

இரண்டு நாள் முன்னால் அவளோடு படிக்கிற இன்னொரு பெண்ணுக்குச் சுகர் பார்க்கிற லான்செட் குத்தியிருக்கிறது. அந்தப் பெண் ஒழுங்காகப் போய்ச் சொன்னாள். காலையில் ரவுண்ட்ஸ் நடக்கிற நேரத்தில், டாக்டர்கள், நோயாளிகள், பெருக்க வந்த அம்மா என எல்லார் முன்னாலும் அவளை நிற்க வைத்து, 'ஊசி புடிக்கத் தெரியாதவளுக்கு யூனிஃபார்ம் ஒரு கேடா?' என்று கேட்டார்களாம். எக்ஸ்பிளனேஷன் லெட்டர் எழுதி வாங்கினார்கள். காலேஜுக்கு போன் போனது. டியூட்டர் வந்து, இன்டர்னல் மார்க்கில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். விரலைக் கழுவினாயா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அதைப் பார்த்துக்கொண்டு நின்றவள்தான் இவள். ஊசி குத்தினால் சொல்லக் கூடாது என்ற பாடத்தை நாம்தான் நடத்தியிருக்கிறோம், செய்முறை விளக்கத்தோடு.

எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள். இந்தக் கதையை எங்கள் பஸ்ஸில் சொன்னபோது மஞ்சக்குப்பத்தில் இறங்குகிறவர், ரெட்டிச்சாவடியில் ஏறுகிறவர், கோரிமேடு வரைக்கும் போகிறவர் என ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். கட்டடம்தான் வேறு வேறு.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். அந்த வார்டின் வாசலில் ஒரு பலகை இருக்கிறது. தரக் குறியீடுகள் என்று மேலே எழுதி, கீழே கட்டம் கட்டி, படுக்கைப் புண் இத்தனை, கீழே விழுந்தவர்கள் இத்தனை, மருந்துத் தவறு இத்தனை, ஊசிக் குத்து இத்தனை என்று மாதாமாதம் மார்க்கரில் எழுதுவார்கள். ஊசிக் குத்துக்கு நேராக எப்போதும் ஒரு சைபர். நான் பார்க்க ஆரம்பித்ததிலிருந்து சைபர். ஒரு மாதத்தின் சைபரை அழித்து அடுத்த மாதத்தின் சைபரை எழுதி எழுதி, அந்த இடத்தில் பெயின்டே கொஞ்சம் மங்கிப்போயிருக்கிறது. அந்த மாதக் கடைசியில் போய்ப் பார்த்தேன். இரண்டு பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்தே குத்தியிருக்கிறது, ஒன்றுக்குக் கேஷுவால்டி சீட்டே இருக்கிறது. பலகையில் சைபர். கேட்டதற்கு, "அவங்க ஸ்டூடன்ட்ஸ்தானே, நம்ம கணக்குல வராது" என்று பதில்.

ரத்தம் எடுக்க மட்டும் நம் கணக்கில் வருவார்கள் போல.

சிஸ்டர், உங்களைக் குற்றம் சொல்வது சுலபம். நானும் ஒன்றரை வருடம் இன்சார்ஜாக இருந்து, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள். ஸ்டாக் ரிஜிஸ்டரில் இரண்டு பெட்ஷீட் குறைந்ததற்குக் கையிலிருந்து கட்டியிருக்கிறேன். மேலே இருப்பவர் உங்களை ரவுண்ட்ஸில் வைத்துக் கேட்கிறார், நீங்கள் ஸ்டாஃபைக் கேட்கிறீர்கள், ஸ்டாஃப் மாணவியைக் கேட்கிறாள், மாணவி பாவம், அட்டெண்டர் அம்மாவிடம்கூட வாயைத் திறக்க முடியாது. கற்பிக்கும் மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற இடங்களில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. அதைப் படித்துவிட்டு நைட் டியூட்டிக்குப் போனால் சிரிப்புத்தான் வரும். ஆள் போடச் சொல்லி உங்களிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை, அது வேறு முகவரிக்கு எழுத வேண்டிய கடிதம். உங்கள் கையில் இருப்பதை மட்டும் கேட்கிறேன்.

என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் இரண்டாம் வருடம் படித்தபோது ஆண்கள் மெடிக்கல் வார்டில் போஸ்டிங். ஒரே பெயரில் இரண்டு பேர் அட்மிட் ஆகியிருந்தார்கள். பெயரைச் சொன்னால் கடலூர்க்காரர்கள் சிரிப்பீர்கள், தெருவுக்கு இரண்டு பேர் அந்தப் பெயரில் இருப்பார்கள். ஒருவருக்குச் சர்க்கரை, இன்னொருவருக்கு வயிற்றுப்போக்கு. காலை மாத்திரை ரவுண்டில் கட்டில் நம்பரைப் பார்க்காமல், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். வயிற்றுப்போக்குக்காரர் "நான்தாம்மா" என்றார். சர்க்கரைக்காரரின் டயோனில் மாத்திரையை அவர் கையில் கொடுத்தேன், அவரும் மரியாதையாக விழுங்கிவிட்டார். முந்தின ராத்திரியிலிருந்து அவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

அடுத்த கட்டிலுக்கு வந்தபோதுதான் உறைத்தது. கால் இரண்டும் தரையில் ஒட்டிக்கொண்டது. எங்கள் வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் பெரிய குரல்காரர், அவர் வருகிறார் என்றால் வராந்தாவில் பூனைகூட ஒதுங்கும். சொல்லலாமா, வேண்டாமா? யாருக்கும் தெரியப்போவதில்லை. மாத்திரை உள்ளே போய்விட்டது, காகிதத்தில் டிக் போட்டால் முடிந்தது. அந்த இரண்டு நிமிஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. எப்படியோ போய்ச் சொல்லிவிட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "எத்தனை மணிக்கு? எத்தனை மில்லிகிராம்?" என்று மட்டும் கேட்டார். நடந்துகொண்டே பேசினார். சுகர் பார்க்கச் சொன்னார், டாக்டருக்கு ஆள் அனுப்பினார், பெரியவரிடம் போய் உட்கார்ந்து, "ஐயா, மாத்திரை ஒன்னு மாறிப்போச்சு, பயப்படாதீங்க, நாங்க பாத்துக்குறோம்" என்று உண்மையையே சொன்னார். சர்க்கரை போட்ட டீ வந்தது. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் எடுத்துத் தயாராக வைத்தார்கள். அந்த மாத்திரையின் வேகம் ஒரு வேளையோடு போகாது, மறுநாள் காலை வரை பார்க்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். ராத்திரி முழுக்க மணிக்கொரு தடவை சுகர் பார்த்தோம். ஒரு தடவை 58க்கு இறங்கியது, ஏறிவிட்டது. பெரியவர் மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ் ஆகும்போது எனக்கு ஒரு பலாப்பழச் சுளைப் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார்.

திட்டு விழாமல் போகவில்லை. மறுநாள் மத்தியானம், லினன் ரூமில், கதவைச் சாத்திவிட்டு, அரைமணி நேரம். அழுதேன். வெளியே வந்த பிறகு சிஸ்டர் சிவப்புப் பேனாவை எடுத்து, இரண்டு கேஸ் ஷீட்டின் தலையிலும் 'இதே பெயரில் இன்னொருவர், கட்டில் இத்தனை' என்று எழுதினார். அதன் பிறகு ஒரே பெயரில் யார் வந்தாலும் அந்த வார்டில் அதை எழுதினோம். நான் சொல்லாமல் விட்டிருந்தால் அந்தச் சிவப்பு எழுத்து வந்திருக்காது.

ஆக, திட்டவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எப்போது, எங்கே, யார் முன்னால் என்பதுதான் என் கோரிக்கை. முதலில் விரல், முதலில் நோயாளி. திட்டு ஒரு நாள் பொறுக்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பயம் ஊசிக் குத்தோடு நிற்பதில்லை. ஆறு மணிக்குள் டிபிஆர் சார்ட் முடியாவிட்டால் திட்டு விழும் என்றால், பிள்ளைகள் சார்ட்டை முடித்துவிடுவார்கள். எப்படி என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். 42 பேருக்கும் டெம்பரேச்சர் 98.6, பல்ஸ் 80, ரெஸ்பிரேஷன் 20. பக்கத்துக் கட்டிலில் காய்ச்சலில் நடுங்குகிறவருக்கும் அதே 98.6. அந்தச் சார்ட்டை நம்பித்தான் டாக்டர் ரவுண்ட்ஸ் போகிறார். 'பத்துப் பேருக்குத்தான் பார்க்க முடிஞ்சுது சிஸ்டர்' என்று சொல்ல முடிகிற வார்டில் பத்து உண்மை எண்களாவது கிடைக்கும்.

சரி, கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன்.

முதல் டோஸ் மாத்திரை இருக்கும் அலமாரியின் சாவி 24 மணி நேரமும் கேஷுவால்டியில் தொங்க வேண்டும். ஒரு ஆணி போதும். அது எங்கே இருக்கிறது என்று போஸ்டிங் வந்த முதல் நாளே ஒவ்வொரு பேட்ச்சையும் நடத்திக்கொண்டு போய்க் காட்டுங்கள். லினன் ரூம், ஸ்டோர், தண்ணீர் எங்கே என்று காட்டும்போது இதையும் காட்டினால் இரண்டு நிமிஷம்தான் கூடுதல்.

ஊசி போடுகிற பெட்டி ட்ராலிக்கு வரட்டும். மேஜையில் கட்டிப்போட்ட ஹப் கட்டரை நோக்கி ஊசியோடு நடப்பதில்தான் பாதி விபத்து. துளைக்காத வெள்ளைப் பெட்டி சின்ன அளவிலும் கிடைக்கிறது. வாங்கித் தர மாட்டார்கள் என்றால் மே 12 நர்ஸ் தினத்துக்கு வாங்குகிற கேக்கிலிருந்து ஒன்றைக் குறையுங்கள். நைட்டிங்கேல் அம்மையார் கோபித்துக்கொள்ள மாட்டார், புள்ளிவிவரம் போட்டுச் சண்டை பிடித்தவர் அவர். வெள்ளைத் தேவதைகள் என்று மேடையில் பேசுகிறவர்களையும் ஒரு வருடம் விட்டுவிடலாம்.

டியூட்டர் மேடம்களுக்கு ஒரு வார்த்தை. மாணவியின் ரெக்கார்ட் நோட்டில் மார்ஜின் சரியாகப் போட்டிருக்கிறதா என்று பார்க்கிற அதே கண்ணோடு, தடுப்பூசி அட்டையையும் பாருங்கள். பூஜ்யம், ஒரு மாதம், ஆறு மாதம், மூன்று டோஸ். அட்மிஷன் அன்றே முதல் டோஸ் போட்டால்தான் அவள் வார்டில் ஊசியைத் தொடும்போது இரண்டாவதாவது முடிந்திருக்கும். ஒரு நாள் முகாம் வைத்து, அன்றைக்கு வராதவளை விட்டுவிடுவது தடுப்பூசித் திட்டம் ஆகாது. கிராமத்தில் போய்க் குழந்தைகளுக்கு விட்டுப்போன டோஸைத் தேடிப்பிடித்துப் போடச் சொல்லிக் கொடுக்கிறோம், நம் சொந்தப் பிள்ளைகளைத் தேடக் கூடாதா?

'ஸ்டூடன்ட் நம்ம கணக்குல வராது' என்பதற்கும் பதில் சொல்லியாக வேண்டும். 2016ஆம் வருடத்து மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் என்ன சொல்கின்றன? மருத்துவமனையை நடத்துகிறவர் தன் சுகாதாரப் பணியாளர்களுக்கும், மருத்துவக் கழிவைக் கையாளும் 'மற்றவர்களுக்கும்' ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் உள்ளிட்டவற்றுக்குத் தடுப்பூசி போட வேண்டும். அந்த 'மற்றவர்கள்' யார்? காலை நாலரைக்கு ஊசியோடு நிற்கிறவள் அதில் வராமல் வேறு யார் வருவார்கள்? அதே விதிகளில் ஊசிக் குத்தைப் பெரிய விபத்துக் கணக்கில் சேர்க்கவில்லை, உண்மைதான். ஆனால் மற்ற விபத்துகளை ஆண்டறிக்கையில் எழுத வேண்டும் என்று இருக்கிறது. 2017இல் வந்த எச்ஐவி சட்டமும், தொற்றுக்கு ஆளாக வாய்ப்புள்ள இடத்தில் வேலை செய்கிறவர்களுக்குப் பாதுகாப்பு உபகரணமும், குத்துப்பட்டால் தடுப்பு மருந்தும் கொடுப்பது நிறுவனத்தின் பொறுப்பு என்கிறது. நாங்கள் ஆறு பேர் பர்ஸைத் திறந்தது மனசுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது எங்கள் வேலை இல்லை.

கடைசியாக அந்த எக்ஸ்பிளனேஷன் லெட்டர். விபத்து அறிக்கை என்பது ஒன்று, எக்ஸ்பிளனேஷன் என்பது இன்னொன்று. முதலாவதில் நேரம், இடம், எந்த ஊசி, எந்த நோயாளி, கிளவுஸ் இருந்ததா, பெட்டி எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று இருக்கும். இரண்டாவதில் 'இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன், மன்னிக்கவும்' என்று இருக்கும். இனிமேல் என்ன மாற வேண்டும் என்று முதலாவதுதான் சொல்லும். தயவுசெய்து முதலாவதை மட்டும் வாங்குங்கள், அதையும் காலேஜ் மார்க்கோடு முடிச்சுப் போடாதீர்கள்.

மேடம்களின் தோளுக்குப் பின்னாலிருந்து இதை எட்டிப் பார்த்துப் படிக்கிற தங்கைகளுக்கும் நாலு வரி. குத்திவிட்டதா, விரலை வாயில் வைக்காதே. பிதுக்காதே. ஸ்பிரிட், டெட்டால், பிளீச்சிங் எதையும் ஊற்றாதே. குழாயைத் திறந்து ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவு. கண்ணில் தெறித்தால் வெறும் தண்ணீர், சோப்பு வேண்டாம். மணி என்ன என்று உள்ளங்கையில் எழுதிக்கொள், நோயாளியின் ஐபி நம்பரையும் எழுதிக்கொள். ரத்தம் எடுத்த ஊசி, உள்ளே குழல் இருப்பதால், தையல் ஊசியைவிட ஆபத்து, அதனால் எந்த ஊசி என்பதையும் சொல். பிறகு அந்த நேரத்தில் டியூட்டியில் இருக்கும் ஸ்டாஃபிடம் சொல், அவர் எரிந்து விழுந்தாலும் சொல், அப்படியே கேஷுவால்டிக்கு நட. ஊசி குத்தியதும் அந்த நோயாளியிடம் கோபப்படாதே, அவர் உன்னைக் குத்தவில்லை. டெஸ்ட்டுக்கு அவர் சம்மதம் வேண்டும், அதைக் கவுன்சலர் பார்த்துக்கொள்வார். மாத்திரை ஆரம்பித்து, தொடரச் சொன்னால் 28 நாள், ஒரு நாள்கூட விடாதே. குமட்டும், சாப்பிட்டுவிட்டுப் போடு. அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம். ஒரு அக்காவிடமாவது சொல்.

அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்பீர்கள். எச்ஐவி மாத்திரையை டாக்டர் அன்றைக்கே நிறுத்தச் சொல்லிவிட்டார். ஹெபடைடிஸுக்கு ஆறு மாதம் கழித்து டெஸ்ட் எடுத்தாள், நெகட்டிவ். ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அடியில் 'அக்கா, தவளக்குப்பம்' என்று மட்டும் எழுதியிருந்தாள். இப்போது படிப்பு முடிந்து கடலூரிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். அவள் வார்டுக்கு மாணவிகள் வருகிறார்களாம். "நீ திட்டுவியா?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே, "திட்டுவேன்க்கா, லினன் ரூம்ல" என்றாள்.

பலகையில் இந்த மாதம் சைபரை அழித்துவிட்டு, உண்மையான எண் எதுவாக இருந்தாலும் எழுதுங்கள் சிஸ்டர். இரண்டு, மூன்று என்று இருந்தால் யாராவது மேலே கேட்பார்கள். அப்போது ட்ராலிக்குப் பெட்டி கேட்க உங்களுக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

இப்படிக்கு,
எட்டரை மணி கடலூர் பஸ்ஸில் வருகிற ஒரு ஸ்டாஃப் நர்ஸ்

பி.கு.: எங்கள் மருத்துவமனையில் சாவி இப்போது கேஷுவால்டிக்கு வந்துவிட்டது. ஆணி இன்னும் அடிக்கவில்லை, டிராயரில்தான் கிடக்கிறது. இடது பக்கம், இரண்டாவது டிராயர், கையெழுத்து நோட்டுக்கு அடியில்.